வெள்ளானூரிலிருந்து மக்கா: தொலைவும் காலமும்

ஆவடிக்கு வடக்கே, சென்னையின் வெளிவட்டச் சாலையை ஒட்டிய பகுதியில் வெள்ளானூர் என்னும் சிற்றூர் உள்ளது. பூமியின் மேல் அதன் இருப்பிடம் ஏறத்தாழ வடக்கு அகலாங்கு 13 பாகை 10 கலை, கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 6 கலை. அங்கு நிற்கும் ஒருவருக்கும் மக்காவின் கஃபாவுக்கும் இடையே, பூமியின் வளைவையொட்டி அளந்தால், 4,360 கிலோமீட்டர் தொலைவு. அவர் தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டிய திசை நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை விலகியது. இவ்விரு எண்களையும் இன்று கைப்பேசி நொடியில் காட்டிவிடுகிறது. ஆனால் வெள்ளானூருக்கும் மக்காவுக்கும் இடையே சங்கிலி பிடித்து நடந்தவர் எவருமில்லை. இடையில் அரபிக் கடல் கிடக்கிறது. அதற்கப்பால் ‘ருப்உல் காலி’ என்னும் வெறும் மணற்பரப்பு கிடக்கிறது. நடந்து அளக்காத தொலைவை மனிதன் எங்ஙனம் அறிந்தான் என்பது நம் சமூகத்தின் அறிவு வரலாற்றோடு நெருக்கமாகப் பின்னிய கதை. அதில் நம் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறியார்.

முன்னோர் தொலைவை நீளத்தால் அளந்ததைக் காட்டிலும் காலத்தால் அளந்ததே மிகுதி. தமிழில் ‘நாழிகை வழி’ என்றொரு சொல் உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், மனிதன் நடந்து கடக்கும் வழியே அது. ஏழரை நாழிகை வழி ஒரு காதம். காதம் ஏறத்தாழப் பத்து மைல். அரபு மொழியில் ‘மர்ஹலா’ என்பது சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு நாளில் செல்லும் வழி. அரபு மாலுமிகளோ ‘ஸாம்’ என்ற அளவைக் கையாண்டனர். பாய் விரித்த கப்பல் மூன்று மணி நேரத்தில் கடக்கும் தூரம் அது. தரையிலும் கடலிலும், தமிழிலும் அரபியிலும் மனிதர்கள் ஒரே வகையில் எண்ணியிருப்பது வியப்புக்குரியதன்று. நடப்பவனுக்கு வேண்டியது எத்தனை முழம் என்பதன்று. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்வோமா என்பதே. இந்தக் கணக்கில் வெள்ளானூரிலிருந்து மக்கா சுமார் 270 காதம். கடல் குறுக்கிடாமல் நேர்வழி கிடைத்தாலும் நூறு மர்ஹலாவுக்கு மேல்.

மார்க்கச் சட்டமும் பயணத்தைக் காலத்தோடு இணைத்தே பேசியது. தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்குரிய பயணத் தொலைவு ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடை. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. அதையே 48 ஹாஷிமி மைல் என்று நீளத்தாலும் வரையறுத்தனர். இந்திய உலமாக்கள் மூன்று நாள் நடையை 48 ஆங்கில மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்று நிர்ணயித்தமை பிற்கால ஏற்பாடு. இவண் ஒரு நுட்பம் கருதத் தக்கது. கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம்முடைய ‘மின்ஹாஜ்’ நூலில், கடற்பயணத்துக்கும் தரைப்பயணத்துக்கும் தொலைவு ஒன்றே என்றும், கப்பலில் அத்தொலைவை ஒரு மணிப் பொழுதில் கடந்துவிட்டாலும் அவர் பயணியே என்றும் கருத்துரைக்கிறார். ஒரு மணியில் இரண்டு மர்ஹலா கடக்கும் கப்பல் அவர் காலத்தில் எங்கும் இல்லை. ஆயினும் சட்டம் களைப்பைப் பற்றியதா, தொலைவைப் பற்றியதா என்ற கேள்வியை அவர் முடிவு வரை கொண்டு சென்றார். விமானத்தில் ஒரு மணியில் மதுரை சேர்பவர் கஸ்ரு செய்யலாமா என்று இன்று கேட்கப்படும் வினாவுக்கு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஷாஃபிஈ நூல்களில் விடை இருந்தது.

தொலைவைக் காலத்திலிருந்து பிரித்துத் தூய நீளமாக அளக்க வேண்டிய தேவை வேறொரு திசையிலிருந்து எழுந்தது. முஸ்லிம்கள் ஸ்பெயின் முதல் சீன எல்லை வரை பரவியபோது ஒவ்வோர் ஊரிலும் கிப்லாவை நோக்க வேண்டியிருந்தது. காணாத நகரின் திசையைக் கணிக்க, இரு ஊர்களின் அகலாங்கும் அவற்றிடையே உள்ள நெட்டாங்கு வேறுபாடும் தெரிய வேண்டும். இவை தெரிந்தால் கோளத் திரிகோணவியல் திசையையும் தரும், தொலைவையும் பாகையில் தரும். அத்தொலைவை மைலாக மாற்ற வேண்டுமானால் பூமியில் ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்பது தெரிய வேண்டும்.

அந்த எண்ணைத் தேடியவர் அப்பாசியக் கலீஃபா மஃமூன். அவர் ஆட்சியில் (813–833) வானியலாளர் குழு ஒன்று வட ஈராக்கின் சின்ஜார் சமவெளிக்கு அனுப்பப்பட்டது. ஓரிடத்தில் துருவத்தின் உயரத்தை அளந்துகொண்டு இரு பிரிவாகப் பிரிந்து, ஒரு பிரிவு நேர் வடக்கேயும் மற்றது நேர் தெற்கேயும், முளை அடித்துக் கயிறு கட்டி அளந்துகொண்டே சென்றது. துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறிய இடத்தில் நின்று கணக்கிட்டனர். ஒரு பிரிவுக்கு 56 அரபு மைல் என்றும் மற்றதற்கு 56⅔ மைல் என்றும் விடை கிடைத்ததாகச் செய்தி. பிற்காலத்தில் பெரிதும் வழங்கியது இரண்டாவது எண். அதன்படி பூமியின் சுற்றளவு 20,400 மைல். அரபு மைல் நாலாயிரம் முழம். அந்த முழத்தின் நீளத்தை இன்று நாம் ஏறத்தாழத்தான் சொல்ல முடியும் என்பதால் இந்த அளவு உண்மைக்கு எவ்வளவு அண்மையது என்று இறுதியாகத் தீர்ப்பளிப்பது அரிது. மிக அண்மையது என்பதில் ஐயமில்லை.

அளவின் அலகை மறந்தவருக்கு என்ன நேரும் என்பதற்கும் இதே எண் சான்று. ஃபர்கானியின் வானியல் நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது 56⅔ என்ற எண் ஐரோப்பாவுக்குப் போனது. கொலம்பஸ் அதை எடுத்துக்கொண்டார். ஆனால் அரபு மைலை, அதைவிடக் குட்டையான ரோமானிய மைல் என்று கொண்டார். அதனால் பூமி அவர் கணக்கில் கால் பங்கு சிறுத்துவிட்டது. இந்தியா பக்கத்தில்தான் இருக்கிறது என்ற துணிவோடு அவர் மேற்கே கப்பல் விட்டதில் இந்த மயக்கத்துக்குப் பங்குண்டு.

இத்துறையின் தலைமகன் அபூ ரைஹான் அல்-பீரூனி. குவாரிஸ்மின் காத் நகரில் 973இல் பிறந்தவர். நெட்டாங்கு வேறுபாட்டைக் கண்டறிவது அக்காலத்தில் எல்லாவற்றிலும் கடினமான பணி. ஓர் ஊரின் பொழுதையும் மற்றோர் ஊரின் பொழுதையும் ஒரே கணத்தில் ஒப்பிட வேண்டும், தொலைபேசியோ வானொலியோ இல்லாமல். பீரூனி 997 மே மாதச் சந்திர கிரகணத்தைக் காத் நகரிலிருந்தும், முதுபெரும் கணித மேதை அபுல் வஃபா பக்தாதிலிருந்தும் கவனிப்பதென முன்கூட்டியே பேசிவைத்தனர். கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. அதைக் கண்ட உள்ளூர்ப் பொழுதுகளின் வேறுபாடே நெட்டாங்கு வேறுபாடு. நாலு நிமிடம் ஒரு பாகை. அன்று பீரூனிக்கு வயது இருபத்து நான்கைத் தாண்டவில்லை.

பின்னர் கஸ்னியில் சுல்தான் மஹ்மூதின் அவையில் இருந்தபோது, 1025இல் அவர் முடித்த ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’ என்னும் நூலே நம் பொருளுக்கு உயிரானது. கஸ்னியிலிருந்து மக்காவின் திசையைக் கண்டறிவதே அந்நூலின் இலக்கு. ஒவ்வோர் ஊருக்கும் கிரகணம் காத்திருக்க முடியாது. எனவே பக்தாதிலிருந்து கஸ்னி வரை ஊருக்கு ஊர் வணிகக் கூட்டங்கள் கூறிய பாதைத் தொலைவுகளை எடுத்துக்கொண்டார். மலையிலும் ஆற்றங்கரையிலும் பாதை வளைந்து செல்லும் என்பதால் அத்தொலைவில் ஒரு பங்கைக் கழித்து நேர்தூரமாக்கினார். அந்த நேர்தூரத்தையும் இரு ஊர்களின் அகலாங்கையும் கொண்டு நெட்டாங்கு வேறுபாட்டை வருவித்தார். ஒட்டகக்காரன் சொல்லும் ‘இத்தனை நாள் வழி’ என்ற பேச்சைக் கணிதத்தின் வழியே பூமியின் மேல் ஒரு புள்ளியாக நிறுத்திக் காட்டியது இந்நூலின் அருமை. சின்ஜார் அளவையைத் தாமே மீண்டும் செய்து பார்க்க ஜுர்ஜான் பகுதியில் முயன்றதையும், துணை நிற்போர் கிடைக்காமல் அது கைகூடாமற் போனதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பின்னொரு சமயம், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் நந்தனா கோட்டை மலையின் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இதைப் பற்றி நம் மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் கூறப்படுவதில் சிறிது நிதானம் வேண்டும் என்பது நம் கருத்து. இன்றைய ஆரத்துக்கும் அவர் விடைக்கும் பதினைந்து இருபது கிலோமீட்டர்தான் வேறுபாடு என்று அடித்துச் சொல்கிறார்கள். அவருடைய முழத்தின் நீளம் நமக்குத் திட்டமாகத் தெரியாத நிலையில் அவ்வளவு நுண்ணிய ஒப்பீடு பொருளற்றது. அடிவானத்தருகே ஒளி வளைந்து வருவதும் அம்முறையில் பிழையைப் புகுத்தக்கூடியது. பீரூனியின் பெருமை அந்த எண்ணில் இல்லை. தம் அளவைகளில் எங்கு பிழை நேரக்கூடும் என்று வாசகருக்குத் தாமே எடுத்துக்காட்டும் அவருடைய நேர்மையில் இருக்கிறது. அதைப் பேசாமல் எண்ணை மட்டும் பேசுவோர் பீரூனியைப் படித்தவராகத் தோன்றவில்லை.

திசையையும் தொலைவையும் ஒருங்கே காட்டும் கருவியாகவும் இக்கணிதம் வடிவெடுத்தது. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த ஷம்சுத்தீன் அல்-கலீலி, அகலாங்கையும் நெட்டாங்கையும் சொன்னால் கிப்லாவைத் தரும் விரிவான அட்டவணையைத் தொகுத்தார். ஸஃபவியர் கால ஈரானில், 17ஆம் நூற்றாண்டில், மக்காவை நடுவாகக் கொண்ட வட்டமான பித்தளை உலகப்படங்கள் செய்யப்பட்டன. அவற்றின் மேல் சுழலும் சட்டத்தை ஓர் ஊரின் மீது வைத்தால் விளிம்பில் திசையும் சட்டத்தில் தொலைவும் தெரியும். இத்தகைய படமொன்று 1989இல் வெளிச்சத்துக்கு வந்தபோது அறிவியல் வரலாற்று ஆய்வாளர் டேவிட் கிங் உள்ளிட்டோர் திகைத்தனர். இன்று விமான இருக்கையின் முன்னுள்ள திரையில் ‘மக்கா இத்தனை கிலோமீட்டர்’ என்று அம்புக்குறியோடு காட்டப்படுவது அப்பித்தளைத் தட்டின் மறுபிறவிதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். வெள்ளானூரிலிருந்து தென்கிழக்கே இருபது கிலோமீட்டரளவில் பரங்கிமலை நிற்கிறது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் அதன் அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பத்தால் அது நீள்வதையும் கணக்கில் கொண்டு, சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளக்க 57 நாள் ஆயிற்று. இந்தியப் பெருந்திரிகோண அளவை அங்கிருந்தே பிறந்தது. ஒரு கோடு அளந்துவிட்டால் மற்றவை எல்லாம் கோணங்களே. கோணங்களிலிருந்து ஊர்களின் தொலைவு கணிதத்தால் வந்துவிடும். பீரூனி கழித்துக்கட்ட வேண்டியிருந்த பாதை வளைவுகள் இம்முறையில் இல்லை. லாம்டன் சென்னையிலிருந்து மங்களூர்க் கடற்கரை வரை முக்கோணங்களைப் பின்னியபோது, தீபகற்பத்தின் அகலம் அதுவரை வரைபடங்கள் காட்டியதைவிடச் சுமார் 40 மைல் குறைவு என்று கண்டார். நானூறு மைல் என்று கருதப்பட்டது முந்நூற்று அறுபதாயிற்று. கோட்டையும் கச்சேரியும் வைத்து ஆண்ட அரசே தன் நிலத்தில் நாற்பது மைலைத் தவறாக எண்ணியிருந்தது.

இந்த அளவைப் பணியோடு இணைந்த ஒரு பெயரை நம் சமூகம் மறந்துவிட்டது. சையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன் ஆற்காட்டைச் சேர்ந்தவர். நகை வேலையும் கடிகாரப் பழுது பார்த்தலும் அறிந்தவர். 1820களில், வாலன்டைன் பிளாக்கர் தலைமை அளவையாளராக இருந்த காலத்தில், அவர் அளவைத் துறையில் கருவி செப்பனிடும் பணிக்குச் சேர்க்கப்பட்டார். பின்னர் ஜார்ஜ் எவரெஸ்ட் அவரைப் பெரிதும் நம்பினார். ஐரோப்பியக் கருவித் தச்சர் விலகியபின், 1843இல், அத்துறையின் கணிதக் கருவித் தச்சர் என்ற பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. முறையான கல்லூரிப் படிப்போ ஆங்கிலப் புலமையோ அவருடைய முதலீடு அன்று. கையும் கண்ணுமே முதலீடு. உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் நிலைத்தது. அவர் நோக்கிய கருவிகளைச் செப்பமுற வைத்திருந்த ஆற்காட்டாரின் பெயரில் நம்மிடையே ஒரு தெருவும் இல்லை. பீரூனியைப் பற்றிக் கூட்டம் நடத்துவோர் அடுத்த முறை ஒரு கால் மணியை இவருக்கு ஒதுக்கலாம்.

அக்காலத்தில் நுங்கம்பாக்கத்தில் 1792இல் நிறுவப்பட்டிருந்த சென்னை வானாய்வு நிலையத்தின் நெட்டாங்கே நாட்டின் அளவைக்கும், பின்னர் இரயில்வேக்களின் கடிகாரத்துக்கும் ஆதாரமாயிற்று. ‘சென்னை நேரம்’ கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906இல் இந்தியப் பொதுநேரம் வந்த பின்னரே அது விலகியது.

இவ்வளவு துல்லியம் கைவந்த பின்னும் கிப்லா பற்றிய சச்சரவு நம் புறநகர்களில் ஓயவில்லை. புதிய குடியிருப்புகளில் பள்ளிவாசல் எழும்போதெல்லாம் ‘பழைய பள்ளி நேர் மேற்கு, புதிய பள்ளி சாய்வு’ என்ற பேச்சு எழுகிறது. உண்மை இது: வெள்ளானூரிலிருந்து அதே அகலாங்கில் நேர் மேற்கே போய்க்கொண்டிருந்தால் சேருமிடம் ஏடன் துறைமுகத்தின் அண்டை, மக்காவன்று. பள்ளிக்கூடச் சுவரிலுள்ள தட்டையான உலகப்படத்தில் சென்னையையும் மக்காவையும் அளவுகோலால் இணைத்தால் மேற்கிலிருந்து வடக்கே 12 பாகைச் சாய்வு கிடைக்கும். பூமி உருண்டை என்பதைக் கணக்கில் கொண்டு பெருவட்ட வழியை எடுத்தால் 18 பாகை. இவ்விரு வழிகளுக்கும் நீளத்தில் வேறுபாடு பத்துக் கிலோமீட்டர் அளவே. நாலாயிரத்து முந்நூறில் பத்து. ஆனால் புறப்படும் திசையில் ஆறு பாகை. தொலைவில் மறைந்து கிடக்கும் பிழை திசையில் வெளிப்பட்டுவிடுகிறது. முறையான கணிப்பு பெருவட்டமே. கலீலியின் அட்டவணையும் அதையே பின்பற்றியது.

இதைக் கொண்டு பழைய பள்ளிகளில் தொழுத நம் மூதாதையரின் தொழுகையைக் குறை கூறுவது அறியாமை. கஃபாவைக் காணாத தொலைவில் இருப்போர்க்கு அதன் திக்கை நோக்குவதே போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. இருபுறமும் 45 பாகை வரையிலான விலகலை அம்மத்ஹபின் அறிஞர்கள் பொறுத்துக்கொண்டனர். ஷாஃபிஈ மத்ஹபில் கஃபாவையே குறிவைக்க வேண்டும் என்பது வலுவான கருத்து. அங்கும் ஒருவருடைய ஆய்வு முயற்சியில் உருவான மேலோங்கிய எண்ணமே கணக்கு. பதினெட்டுப் பாகைக்காகப் பழைய மிஹ்ராபை இடிப்பதைவிடத் தொழுகை வரிசைக்குக் கோடு போட்டுக்கொள்வது எளிது. ஜமாஅத்தை இரண்டாக்கும் பாவம் பாகைக் கணக்கில் அடங்காது.

தொலைவு அறியப்பட்டது ஒரு வரலாறு. அது கடக்கப்பட்டது மற்றொன்று. பாய்மரக் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் பருவக்காற்றின் அடிமை. காற்றுத் தவறினால் ஓராண்டு தவறும். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய இரயில் ஆவடி, திருவள்ளூர் வழியே சென்றது. 1871இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. அதன்பின் நம் பகுதி ஹாஜி கிழக்குக் கடலை மறந்து இரயிலேறிப் பம்பாய் சேர்ந்தார். ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். அங்கு முஸாஃபிர்கானாவில் கப்பலுக்குக் காத்திருந்தார். பம்பாய்–ஜித்தா கடல்வழி 2,300 கடல் மைல், அதாவது சுமார் 4,260 கிலோமீட்டர். முகல் லைன் கப்பல்கள் அதைக் கடக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாள் ஆயிற்று.

கப்பல் வேகம் மட்டும் நாட்களைத் தீர்மானிக்கவில்லை. செங்கடலின் தென்வாயிலருகே கமரான் தீவில் 1882 முதல் தொற்றுத்தடை முகாம் இருந்தது. வாந்திபேதி அச்சத்தால் ஹாஜிகள் அங்கு இறக்கப்பட்டு, உடுப்புகள் ஆவியில் வேகவைக்கப்பட்டு, நாட்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டனர். மக்கா சில நாள் வழியில் இருக்கையில் வெறுமனே அமர்ந்திருந்த அந்நாட்கள், அக்காலப் பயணிகளுக்குக் கடலின் அலைகளைவிடக் கொடியனவாக இருந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து புறப்பட்டுத் திரும்ப நாலைந்து மாதம் ஆகும். ஆதலால் கடனைத் தீர்த்து, மரண சாசனம் எழுதி, உறவினரிடம் பிழை பொறுக்கக் கேட்டுப் புறப்படும் வழக்கம் வேரூன்றியது. அவ்வழக்கம் பயணம் ஆறு மணியாகச் சுருங்கிய பின்னும் தொடர்கிறது. பம்பாய்–ஜித்தாக் கப்பல் போக்குவரத்து 1995இல் நின்றது.

விமானக் கணக்கைப் பார்ப்போம். மீனம்பாக்கத்திலிருந்து ஜித்தா விமான நிலையம் பெருவட்ட வழியில் சுமார் 4,450 கிலோமீட்டர். 2,400 கடல் மைல். பம்பாயிலிருந்து கப்பல் கடந்த தொலைவுக்கு இது ஏறத்தாழச் சமம் என்பது கவனிக்கத் தக்கது; பதினைந்து நாளும் ஆறு மணியும் ஒரே நீளத்தின் இரு பெயர்கள். பெருவட்டக் கோடு சென்னையிலிருந்து கிளம்பிக் கார்வார் அருகே மேற்குக் கரையைக் கடந்து, அரபிக் கடலைத் தாண்டி, ஓமானின் ஸலாலாவுக்கும் துக்முக்கும் இடைப்பட்ட கரையில் ஏறி, ருப்உல் காலியின் மேலாக மேற்கே செல்லும். விமானம் அக்கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. வான்வெளிக்கு வகுக்கப்பட்ட தடங்கள் உண்டு. மேகத்திரள், நெரிசல், அரசியல் மூடல் என்று விலக வேண்டிய காரணங்களும் உண்டு. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் ஐந்தே கால் மணி. ஏற்றம், இறக்கம், தட விலகல் ஆகியவை சேர்ந்து ஐந்தரை முதல் ஆறு மணியாகும். குளிர்காலத்தில் மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று போகும்போது தடுக்கும், வரும்போது தள்ளும். ஒரே தொலைவு இரு திசையிலும் இரு காலம். பாய்மர மாலுமி இதைக் கேட்டு வியக்க மாட்டார்.

பயணச்சீட்டைப் பார்ப்பவருக்கு வேறொரு மயக்கம். காலை பத்துக்குப் புறப்பட்டு ஆறு மணி பறந்தால் ஜித்தாக் கடிகாரம் பிற்பகல் ஒன்றரை காட்டும். மூன்றரை மணியில் வந்துவிட்டதாகத் தோன்றும். திரும்பும் சீட்டிலோ எட்டு மணி கழிவதாகத் தோன்றும். சவூதி நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது என்பதே காரணம். அரசுகள் வகுத்த கடிகாரம் இது. சூரியனின் கணக்கு சற்று வேறு. இரு ஊர்களின் நெட்டாங்கு வேறுபாடு 41 பாகை. பாகைக்கு நாலு நிமிடமாக 2 மணி 44 நிமிடம். நோன்பு நோற்றுக்கொண்டு சென்னையிலிருந்து மேற்கே பறப்பவருக்குப் பகல் ஏறத்தாழ அவ்வளவு நீளும். பருவத்துக்கேற்பச் சிறிது கூடும் அல்லது குறையும். அவர் சூரியனைத் துரத்துகிறார், ஆனால் அதன் வேகத்தில் பாதிதான் செல்கிறார். பறக்கும் உயரத்திலிருந்து பார்க்கையில் சூரியன் மறைவது, நேர் கீழே தரையில் இருப்பவருக்கு மறைந்த பின்னும் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதிக்கும். விமானத்தில் இருப்பவர் தம் கண்ணுக்குச் சூரியன் மறைந்த பிறகே நோன்பு திறக்க வேண்டும் என்று இக்கால அறிஞர்கள் கூறுவது இதனால்தான்.

மீக்காத்தின் நிலையும் அதுவே. கப்பலில் சென்ற இந்திய ஹாஜிகளுக்கு யலம்லம் நேரே வரும் இடத்தை மாலுமிகள் அறிவிப்பார்கள். குளித்து, இஹ்ராம் உடுத்து, நிதானமாகத் தல்பியா தொடங்கப் பொழுது இருந்தது. விமானம் எல்லையைக் கடப்பது சில நொடிப் பொழுது. தாயிஃப் பக்கத்து எல்லையான கர்னுல் மனாஸில் மக்காவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஒட்டகத்துக்கு இரு நாள் வழி, விமானத்துக்கு ஆறு நிமிடம். எனவேதான் நேரே மக்கா செல்வோர் சென்னையிலேயே இஹ்ராம் உடையை அணிந்து ஏறுவதும், நிய்யத்தை மட்டும் எல்லை நெருங்குகையில் வைத்துக்கொள்வதும் வழக்கமாயிற்று.

ஜித்தாவில் 1981இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் ஹஜ் முனையம், பாலைவனக் கூடாரங்களை நினைவூட்டும் வெண்ணிறத் துணிக்கூரைகளால் ஆனது. அதை வடிவமைத்த பொறியாளர் டாக்காவில் படித்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். பல மணி நேரம் காத்திருப்போருக்கு நிழல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. பறக்கும் நேரம் ஆறு மணி என்றால், முன்னும் பின்னும் வரிசைகளில் கழியும் நேரம் அதைவிடக் குறைவாக இருப்பது அரிது.

தொலைவைப் பற்றிய எந்த வானியல் நூலும் கூறாத ஒன்றைத் தமிழக ஹாஜிகள் அண்மையில் கற்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் ஹஜ் புறப்பாட்டு நகரங்களின் பட்டியல் பத்தாகச் சுருக்கப்பட்டபோது சென்னை விடுபட்டது. 2022இல் ஹஜ் மீண்டும் வெளிநாட்டினருக்குத் திறக்கப்பட்டபோது தமிழகத்தார் கொச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டியிருந்தது. வரைபடத்தில் கொச்சி ஜித்தாவுக்குச் சென்னையைவிட நெருக்கமே. ஆனால் ஆவடிப் பக்கத்திலிருந்து முதிய பெற்றோரை அழைத்துக்கொண்டு, பெட்டிகளோடு எழுநூறு கிலோமீட்டர் தென்மேற்கே இரவுப் பயணம் செய்து, அங்கு தங்கி, பின்னர் பறக்க வேண்டியிருந்தவருக்கு மக்கா அவ்வாண்டில் ஒரு மர்ஹலா, இரண்டு மர்ஹலா அன்று, முன்னைவிட வெகுதூரம் விலகிப் போயிருந்தது. தமிழக அரசும் சமூக அமைப்புகளும் மீண்டும் மீண்டும் ஒன்றிய அரசுக்கு எழுதின. 2023இல் சென்னை மீண்டும் பட்டியலில் சேர்ந்தது. அவ்வாண்டு வெள்ளானூரிலிருந்து ஜித்தாவுக்குரிய வழி, மீனம்பாக்கம் வரை செல்லும் சாலையும் அதற்கப்பால் 4,450 கிலோமீட்டர் வானுமாகப் பழையபடி ஆயிற்று.